மெக்கானிக் ஷெட்டில் மாட்டிக்கொண்ட பத்மினி

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஆசையாக வைத்திருந்தது 1984-இல் பதிவான பிரீமியர் பத்மினி கார். அப்பா 2022-இல் காலமாகிவிட்டார். எட்டு மாதத்துக்கு முன் இன்ஜின் வேலைக்காக ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, 95,000 ரூபாயை ஜி-பேயில் அனுப்பியிருக்கிறார். வேலை முடிந்து வந்த வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் ஹீட் ஏறி நின்றுவிட்டது. திரும்ப ஷெட்டுக்குப் போனதுதான், இன்னும் வரவில்லை. மேலும் 40,000 ரூபாயும், வண்டி நிற்பதற்கு நாளுக்கு 100 ரூபாய் வாடகையும் கொடுத்தால்தான் சாவி என்கிறாராம் மெக்கானிக். 'மாருதி வேன் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம், தொல்லை விட்டது' என்று யோசனை வேறு. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் அப்பா பெயரில்தான். அதுவும் 2024-இல் காலாவதி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

போகலாம். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆர்.சி. பற்றி, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டா? அரைகுறையாக உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒரு பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் தனக்குரிய கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வாங்காமல் கொடுக்க வேண்டியதில்லை என்பது சட்டத்திலேயே உள்ள உதாரணம். ஆனால் ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்தவருக்குத்தான் அந்த உரிமை. தான் செய்த வேலையில் வந்த கோளாறைச் சரிசெய்ய இன்னொரு கூலி கேட்பவருக்கு அது பொருந்தாது. நிறுத்து வாடகையை முன்பே பேசி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதையும் கேட்க முடியாது.

இங்கேதான் சிக்கல். 'நாற்பது வருஷ வண்டி சார், அப்படித்தான் இருக்கும்' என்பார் அவர். பாதி உண்மை. நானும் ஒரு காலத்தில், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றைக் கட்டி இழுத்தவன். பழைய வண்டி வாங்கிய விலையைவிட நிறுத்திவைத்த செலவு அதிகம் என்பது தெரியும். பத்மினியில் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் லிவர் சிக்கிக்கொள்வது, முன்சக்கரம் திரும்ப உதவும் கிங் பின் தேய்வது, கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவது எல்லாம் வயதின் கோளாறுகள். இவற்றுக்கு இன்ஜின் வேலை செய்தவரைக் கேட்க முடியாது. ஹீட் ஏறுவது அப்படி அல்ல. அவர் கை வைத்த இடத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

அந்த 1089 சி.சி. இன்ஜினின் ஹெட், அதாவது மேல்மூடி, அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும். வளைந்த ஹெட்டை லேத்தில் ஃபேசிங் பண்ணி மட்டமாக்காமல், இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கெட்டை மட்டும் வைத்து இறுக்கினால், கேஸ்கெட் சீக்கிரமே போய்விடும். ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் என்ன இன்ஜின் வேலை பார்த்தும் பயனில்லை. ஆக, உங்கள் வழக்கு மூன்று கேள்விகளில் நிற்கிறது: ஹெட் லேத்துக்குப் போனதா, ரேடியேட்டர் திறக்கப்பட்டதா, வாட்டர் பம்ப் பார்க்கப்பட்டதா? லேத் பட்டறை பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாமான்களைச் சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் வாங்கினேன், பில் கிடையாது என்றால், கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் காட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் வாட்ஸப்பில் கேளுங்கள். வாயால் கேட்டது கோர்ட்டில் நிற்காது.

வண்டி கைக்கு வந்ததும் உடனே பிரித்துவிடாதீர்கள். அனுபவமுள்ள வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, என்ன குறை என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். குறையை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

வண்டியைத் திருப்பித் தரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தும் வரவில்லை என்றால் இரண்டு வழி. 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து, பிறகு அதையும் சேர்த்துக் கேட்கலாம். அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு இடைக்கால உத்தரவு கேட்டு மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; கெடு இரண்டு வருஷம். வண்டி உங்கள் பெயரில் இல்லையே என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பயப்பட வேண்டாம். சேவைக்குப் பணம் கொடுத்தவர் நுகர்வோர். ஜி-பே உங்கள் பெயரில் இருக்கிறது.

போலீஸுக்கு? பில் தகராறுக்குப் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். கார்புரேட்டரையோ வேறு ஒரிஜினல் சாமானையோ கழற்றி விற்றிருந்தால் மட்டும் நம்பிக்கை மோசடி, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவு.

சரி, ஆர்.சி.க்கு வருவோம். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். உங்களுக்குக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, அபராதத்தோடு செய்யலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். அப்புறம் புதுப்பித்தல். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், தாமதத்துக்கு மாதம் 500, பசுமை வரி தனி. வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆய்வுக்கும் உட்படுத்த வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு பதறுகிறேன்? மெக்கானிக் 'ட்ரையல்' பார்க்கிறேன் என்று தஞ்சாவூர் ரோட்டில் வண்டியை விரட்டுகிறார் என்று வையுங்கள். ஒருவர் மேல் மோதிவிட்டால், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. அப்பா இல்லாத நிலையில் நோட்டீஸ் வாரிசுகளான உங்கள் வாசலுக்கு வரும். பதிவும் இன்சூரன்ஸும் உயிரோடு இல்லாத வண்டிக்கு இழப்பீட்டை உங்கள் கையிலிருந்து கொடுக்க நேரலாம். ஆகவே இன்றைக்கே அவருக்கு ஒரு மெசேஜ்: வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது.

மாருதி இன்ஜின் யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவது தடை. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் புதுப்பித்தலும் நடக்காது. மிகப் பழைய வண்டிகளுக்கான வின்டேஜ் பதிவுக்கும் அவசரம் இல்லை. அதற்கு 50 வருஷம் ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு 2034. அப்போதும் கண்காட்சி, ராலி மாதிரிக் காரியங்களுக்குத்தான் ஓட்டலாம், தினமும் கடைக்குப் போக முடியாது.

வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது ஓட்டி வராதீர்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஸ்பீடோமீட்டர், இன்ஜின் நம்பர், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் படம் எடுங்கள். ரெக்கவரி வண்டி ரசீதையும் வாங்கி வையுங்கள். புகாரில் அதையும் கேட்கலாம்.