விழப்போகிற பல்தானே!

குழந்தைகளின் பல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

மகனுக்கு இரண்டேகால் வயது. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி ஓரம் பொடிகின்றன. ராத்திரி பால் புட்டி வாயில் இருந்தால்தான் தூங்குவான். ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

விடாதீர்கள். அந்த முன்பற்கள் விழ ஆறேழு வயதாகும். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும். அதுவரை அவன் எதைக் கொண்டு கடித்துத் தின்பான்? சொத்தை வேர் வரை போய்ச் சீழ் வைத்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லே கறையோடோ குழியோடோ முளைக்கலாம்.

அவனுடைய கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். கீழ் முன்பற்கள் அநேகமாக வெள்ளையாகவே இருக்கும். சப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது. எச்சில் ஊறும் இடமும் அதன் பக்கத்தில்தான். மேல் பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால், சர்க்கரை போட்ட பால் மணிக்கணக்கில் அவற்றின் மேல் தேங்கி நிற்கிறது.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு தாங்காது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். அப்புறம் ராத்திரிப் புட்டியில் மட்டும் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்கு வந்துவிடலாம். குடிக்க வேண்டிய பாலை முன்னதாகவே டம்ளரில் கொடுத்து, பல் தேய்த்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

ஓரம் பொடிய ஆரம்பித்துவிட்டதால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். குழி சிறிதென்றால் அடைத்துவிடலாம். நரம்பைத் தொட்டிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. சொத்தை பரவாமல் நிறுத்த ஒரு வெள்ளி மருந்தும் தடவுவோம். வலிக்காது, ஊசி கிடையாது. ஆனால் சொத்தையான இடம் கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இளையது ஒன்று இருந்தால், மாதம் ஒரு தரம் பகல் வெளிச்சத்தில் தலையை மடியில் வைத்துப் படுக்கப் போட்டு மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால், சொத்தை ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் வந்துவிட்டால், தேய்ப்பதையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் திருத்தி, புளோரைடு பூச்சு போட்டே பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடித்தால் பல்லில் இருக்கும் பூச்சி விழும் என்கிறார்களே? (விருதுநகர்)

பூச்சிப்பல் என்று நாம் சொல்கிறோமே தவிர, அதில் புழு பூச்சி எதுவும் இல்லை. அரிப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் அவை தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. ஒவ்வொரு தரம் தின்ற பிறகும் ஏறக்குறைய அரை மணி நேரம் இது நடக்கும். அதனால் எவ்வளவு தின்கிறது என்பதைவிட எத்தனை தரம் தின்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு ஜாங்கிரியைச் சாப்பாட்டோடு தின்று முடிக்கிற பிள்ளையைவிட, ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டைச் சாயங்காலம் முழுக்கக் கொறிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். புகை வேண்டாம், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

எங்களுக்குத் தருமபுரி பக்கம். மூத்தவளுக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள், தண்ணீரால் வந்தது என்றார்கள். மூன்று வயது இளையவனுக்குப் புளோரைடு பேஸ்ட் வாங்கலாமா?

நியாயமான பயம். புளோரைடு பல்லின் மேல் பட்டால் நல்லது. பல் உருவாகும் வயதில் அதிகமாக வயிற்றுக்குள் போனால்தான் கறை. எனவே முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். அதில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, 1.5க்கு மேல் போகக் கூடாது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊர் என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்ட்டைப் பொறுத்தவரை, மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்குமேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்குவதெல்லாம் பேஸ்ட் சீக்கிரம் தீர வேண்டும் என்பதற்காக. நீங்களே தேய்த்துவிட்டுத் துப்ப வையுங்கள். இன்னும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறான் என்றால், எந்தப் பேஸ்ட் என்பதை உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாதாமே?

மாமனுக்குக் காதுகுத்துச் செலவைத் தவிர வேறு ஆபத்து இல்லை.

ஒன்பது வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் முழுசாகக் கழன்றுவிட்டது. தாளில் மடித்து மறுநாள் கொண்டுபோனோம், பயனில்லை என்றார்கள். என்ன செய்திருக்க வேண்டும்? (திருச்சி)

பலரும் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள். நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் தண்ணீரிலோ பாலிலோ லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே திருப்பி வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு ஓடுங்கள். வேர் காய்ந்துவிடுவதுதான் பிரச்சினை. அரை மணிக்குள் வந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் திருப்பி வைக்காதீர்கள், அடியில் இருக்கும் பல் அடிபடும்.

மகளுக்கு ஏழு வயது. கடைசிப் பல்லில் கறுப்புக் குழி. இன்னும் விழாத பால் பல் என்பதால் காத்திருக்கலாமா? (காரைக்குடி)

நடுவிலிருந்து அந்தப் பக்கமாக எண்ணுங்கள். பால் பல் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பக்கமும் ஐந்துதான், மொத்தம் 20. ஆறாவதாக நிற்பது நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் ஆறு வயதில் ஓசையில்லாமல் முளைப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. அது விழுந்து முளைக்காது. இந்த வாரமே கூட்டிப்போய் அடையுங்கள். சொத்தை இல்லாத மற்ற மூன்று ஆறாம் பற்களின் பள்ளங்களையும் சீலன்ட் என்கிற பூச்சு போட்டு மூட முடியுமா என்று அப்படியே கேட்டுவிடுங்கள்.