தொப்பியில் பெயர் ஏறினால் காரின் மதிப்பு இறங்குமா?

கேள்வி: பழைய கார்களைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு என் பெயர்தான். வருடத்துக்கு ஏழெட்டு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை, இரண்டு வருடத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். இப்போது ஒரு வியாபாரி வந்து, எங்கள் பெயரையும் லோகோவையும் போட்டு தொப்பி, டி-ஷர்ட், சாவிக்கொத்து, பெர்ஃப்யூம் என்று 30 பொருள் செய்து விற்கிறேன், விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று உறுதியாக ராயல்டி தருகிறேன் என்கிறார். ஃபெராரியே தொப்பி விற்கும்போது நமக்கென்ன என்கிறான் மகன். ஆனால் எங்களிடம் மூன்று வண்டி கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் இதைக் கேட்டதும் முகம் சுளித்தார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இந்த ஒப்பந்தத்தில் போடாதீர்கள். 'விற்றாலும் விற்காவிட்டாலும் தருகிறேன்' என்கிறாரே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெயர் போட்ட பொருள் விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதிக்கு ஃபெராரி என்ன செய்தது என்று முழுதாகப் பார்க்க வேண்டும்.

2024இல் ஃபெராரி விற்ற கார்கள் 13,752. அந்த வருட மொத்த வருமானம் சுமார் 668 கோடி யூரோ. அதில் ஸ்பான்சர்ஷிப், வணிகம், பிராண்ட் என்று ஒரே தலைப்பில் காட்டுவது சுமார் 67 கோடி, அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் ஃபார்முலா 1 அணிக்கு ஸ்பான்சர்கள் கொடுக்கும் பணமும் பந்தயத்தில் கிடைக்கும் பங்கும் அடக்கம். ஆக தொப்பியும் சட்டையும் சாவிக்கொத்தும் தனியாக எவ்வளவு சின்னத் தொகை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உலகமே அறிந்த குதிரைச் சின்னத்தை வைத்திருப்பவர்களுக்கே சோறு போடுவது கார்தான். அப்படியிருக்க ஏழெட்டு வண்டி எடுக்கும் உங்களுக்கு ராயல்டி கைச்செலவுக்குத்தான் ஆகும், பட்டறையின் பெயரைப் பணயம் வைக்கிற அளவுக்கு அது பெரிய பணமாக இருக்காது.

அதைவிட முக்கியமான சம்பவம் 2019 நவம்பரில் நடந்தது. லூயி காமிலேரி தலைமையில் இருந்தபோது, கார் விற்பனையில் எந்தக் குறையும் இல்லாத சமயத்தில், ஃபெராரி தன் பெயரைப் போட்டுக்கொள்ள மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த உரிம ஒப்பந்தங்களில் ஏறக்குறைய பாதியை வெட்டப்போவதாகவும் பொருள் வகைகளில் 30 சதவீதத்தை எடுத்துவிடப்போவதாகவும் அறிவித்தது. வந்துகொண்டிருந்த பணத்தை வேண்டாம் என்று தள்ளினார்கள். அப்புறம் 2021 ஜூனில் ரோக்கோ இயானோனே என்ற வடிவமைப்பாளரை வைத்துத் தாங்களே உடைகள் செய்து, அதைத் தங்கள் மாரனெல்லோ தொழிற்சாலையில், கார் பூட்டும் வரிசையின் நடுவிலேயே காட்டினார்கள். யாரோ எங்கோ செய்து பெயரை மட்டும் ஒட்டிய பொருளைக் குறைத்து, தங்கள் கண் முன்னால் உருவாகும் பொருளுக்குப் போனார்கள். மகனிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, தொப்பி விற்றால் மதிப்பு குறையுமா? யார் தலையில் ஏறுகிறது, எந்த எண்ணத்தோடு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. இத்தாலியின் மோன்சாவில் பந்தயம் நடக்கும்போது சிவப்புத் தொப்பியோடு திரண்டு நிற்கும் ரசிகர்களைப் பார்த்து ஃபெராரி சொந்தக்காரர் யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தத் தொப்பி, இந்த அணிமேல் எனக்குப் பிரியம் என்று சொல்கிறது, என்னிடம் கார் இருக்கிறது என்று சொல்வதில்லை. சில்வியா பெல்லெட்சா, அனாத் கைனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். விலை உயர்ந்த ஒரு பெயரைப் போட்ட சிறு பொருளை வாங்குகிறவர், ஊரைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணி மாதிரி ரசித்துவிட்டுப் போனால், உள்ளே இருப்பவர்களுக்குப் பெருமை கூடுகிறது. நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று உரிமை கோருகிற மாதிரி இருந்தால் அதே ஆட்களுக்கு எரிச்சல் வருகிறது, பெயரும் இறங்குகிறது. எனக்கு இந்தத் துறையில் படித்ததிலேயே அதிகம் பயன்பட்டது இந்த ஒரு வித்தியாசம்தான்.

உங்கள் வாடிக்கையாளர் முகம் சுளித்ததை இதை வைத்துப் பாருங்கள். வேலை முடிந்த வண்டியின் பானட்டுக்கு அடியில் பட்டறைப் பெயரும் எண்ணும் பொறித்த சின்னத் தகடு ஒன்றைப் பதிக்கிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. உங்களிடமும் இருந்தால், அந்தத் தகட்டின் சாயலில் சாவிக்கொத்து செய்துவிடாதீர்கள், எந்த விலைக்கும். அந்த மனிதர் இரண்டு வருடம் காத்திருந்து, வண்டியை எலும்புக்கூடாகப் பார்த்து, கடைசியில் பெற்ற தகடு அது. அதையே வழியில் போகிறவர் வாங்கிப் பாக்கெட்டில் போடலாம் என்று ஆனால் அவருக்கு அடிவயிற்றில் ஏதோ செய்யத்தான் செய்யும்.

இந்த விஷயத்தில் தொப்பிக்கே ஒரு பழைய பாடம் இருக்கிறது, கார் கம்பெனியுடையது இல்லை என்றாலும் சொல்கிறேன். பர்பெரி என்ற பிரிட்டிஷ் உடை நிறுவனத்தின் கட்டம் போட்ட துணி 1920களில் அவர்களுடைய மழைக்கோட்டின் உள்புறத் துணி. கோட்டைக் கழற்றினால்தான் தெரியும். அது மெல்ல வெளியே வந்து குடை, பை, தொப்பி என்று எல்லாவற்றிலும் ஏறியது, போலிகள் பெருகின, பிரிட்டனில் கால்பந்து மைதானக் கலாட்டாக்காரர்களோடு அந்தத் தொப்பியைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். 2004இல் அந்தக் கட்டம் போட்ட தொப்பியையே விற்பதை நிறுத்தினார்கள். மழைக்கோட்டின் தையலில் ஒரு குறையும் வரவில்லை, ஆனாலும் அதைப் போட ஆட்கள் தயங்கினார்கள்.

நல்ல விதமாக நடந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் போர்ஷே டிசைன். 911 காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே 1972இல் தனியாகத் தொடங்கிய ஸ்டுடியோ அது. முதலில் வந்தது ஒரு கைக்கடிகாரம், முழுக்கக் கறுப்பு. அந்தக் காலத்தில் கடிகாரம் என்றால் தங்கமோ பளபளக்கும் எஃகோதான். இவர் காரின் டாஷ்போர்டில் இருக்கும் மீட்டரைப் போல, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வெயில் அடித்தாலும் கண்ணைக் கூசாமல் நேரம் தெரிய வேண்டும் என்று செய்தார். காரைச் செய்த அதே மூளை கடிகாரத்தையும் யோசித்தது, அதைக் கையில் எடுத்தாலே தெரியும். இதற்கு நேர் எதிராக ஆஸ்டன் மார்ட்டின் 2011இல் டொயோட்டாவின் ஐக்யூ என்ற குட்டிக் காரை வாங்கி, முகத்தை மாற்றி, உள்ளே நல்ல தோல் தைத்து, சிக்னெட் என்று விற்றுப் பார்த்தது. 2013லேயே நிறுத்திவிட்டார்கள். தோல் வேலை அருமையாகத்தான் இருந்தது, ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது வேறு வீட்டுப் பிள்ளை.

உரிம ஒப்பந்தங்களுக்காக மாதிரிப் பொருட்களைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஒருமுறை ஒரு கார் நிறுவனத்துக்காக இரண்டு சாவிக்கொத்துகள் மேஜைக்கு வந்தன. ஒன்று முதலில் ஒப்புதலுக்கு அனுப்பியது, இன்னொன்று ஆறு மாதம் கழித்துக் கடையிலிருந்து நாங்களே வாங்கியது. முதலாவதில் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது, எனாமல் கோட்டுக்குள் நின்றது, வளையம் சுற்றும்போது சத்தமே இல்லை. இரண்டாவதில் எனாமல் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது, ஆங்கில 'E' எழுத்தின் நடுக்கோடு மழுங்கி 'C' மாதிரி ஆகிவிட்டது, பின்பக்கம் அச்சிலிருந்து எடுத்த பிசிறு நகத்தில் குத்தியது. பெயர் அதே பெயர், பெட்டி அதே பெட்டி. வாங்கியவர் அதைத் தினமும் நாலு தடவை கையில் எடுப்பார், எடுக்கும்போதெல்லாம் அந்தக் கார் கம்பெனியைப் பற்றி ஒரு எண்ணம் அவர் மனதில் படியும். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை, ஏனென்றால் முதல் மாதிரிக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அந்த 'உறுதியான ராயல்டி' விஷயம். இதைக் குறைந்தபட்ச உத்தரவாதம் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வியாபாரி பக்கம் நின்று பாருங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் உங்களுக்குப் பணம் கட்டியாக வேண்டும், அதனால் எப்படியாவது சரக்கைத் தள்ளியாக வேண்டும். முதல் வருடம் நல்ல கடையில் இருக்கும், இரண்டாம் வருடம் தள்ளுபடிக் கடையில் குவியும், மூன்றாம் வருடம் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். அவர் கெட்டவர் என்பதால் அப்படி நடப்பதில்லை, ஒப்பந்தம் அவரை அங்கே தள்ளுகிறது. பெரிய பெயர்கள் பலவும் சரிந்தது இந்த வழியில்தான்.

இன்னொன்று, பட்டறைக்கு உங்கள் பெயர்தான் என்கிறீர்கள். லம்போர்கினி கார் வேறு, டோனினோ லம்போர்கினி என்ற பெயரில் வரும் கடிகாரமும் ஹோட்டலும் வேறு என்பது நிறைய பேருக்குத் தெரியாது. கம்பெனியை நிறுவிய ஃபெருச்சியோ 1970களின் முதல் பாதியிலேயே பங்குகளை விற்று வெளியேறிவிட்டார், கார் கம்பெனி 1998 முதல் ஜெர்மனியின் ஆடி (Audi) நிறுவனத்தின் கையில். அவர் மகன் டோனினோ 1981இல் தனியாகத் தொடங்கியதுதான் அந்த மற்ற வியாபாரம். ஒரே பெயர் இரண்டு கைகளில் இருந்தால் பார்க்கிறவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் முழுப் பெயரை யாருக்கும் உரிமமாகக் கொடுக்காதீர்கள். லோகோவை மட்டும், குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும், இரண்டு வருடத்துக்கு மட்டும் கொடுங்கள். அதற்கு முன் வர்த்தகச் சின்னப் பதிவைப் பாருங்கள். பழுதுபார்க்கும் சேவைக்கான பதிவு 37ஆம் வகுப்பு, துணிமணிக்கு 25, தோல் பைக்கு 18, பெர்ஃப்யூமுக்கு 3. நீங்கள் 37இல் மட்டும் பதிந்திருந்தால், தொப்பியில் உங்கள் பெயரை வியாபாரியே தன் பெயரில் பதிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. அமெரிக்கா போன்ற இடங்களில் தரத்தைக் கவனிக்காமல் உரிமம் கொடுத்தே சின்னத்தின் மீதான உரிமையை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 30 பொருளை இரண்டாகக் குறைப்பேன். உங்கள் ஆட்கள் வேலையில் போடுகிற ஏப்ரன், அதே துணி, அதே பாக்கெட், அதே தையல். அப்புறம் சீட்டுக்குத் தோல் தைக்கிறவர் மிச்சத் தோலில் தைக்கக்கூடிய, ஸ்பேனர்களைச் சுருட்டி வைக்கும் உறை. இரண்டும் உங்கள் பட்டறைக்குள்ளேயே பிறந்தவை, வெளி வியாபாரி தேவையே இல்லை, வருடத்துக்கு எத்தனை முடியுமோ அத்தனை போதும். டி-ஷர்ட் கேட்டு வரும் இளம் ரசிகர்களை மறுக்க வேண்டாம், அதை மட்டும் நல்ல துணியில், தகட்டின் சாயல் இல்லாத வேறு படம் போட்டு, பட்டறையிலேயே விற்கலாம். பெர்ஃப்யூம் வேண்டாம். உங்களுக்கும் வாசனைக்கும் உள்ள உறவு கிரீஸும் பெயிண்டும்தான்.

வியாபாரியை விட மனமில்லை என்றால், டி-ஷர்ட்டை மட்டும் அவரிடம் கொடுத்து, உத்தரவாதத் தொகையை எடுத்துவிட்டு விற்பனையில் சதவீதம் என்று மாற்றச் சொல்லுங்கள். வரைபடம், முதல் மாதிரி, கடைக்குப் போகும் சரக்கு என்று மூன்று கட்டத்திலும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகரக் கூடாது என்று எழுத வையுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் மிச்சச் சரக்கு என்ன ஆகும் என்ற பிரிவைத்தான் ஆட்கள் படிப்பதே இல்லை. வழக்கமாக அதில் சில மாதம் எங்கே வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்று இருக்கும். அதை அடித்துவிட்டு, மிச்சத்தை அடக்க விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்வீர்கள் என்று மாற்றுங்கள். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், சரக்கு எங்கே போகும் என்று அவருக்கு இப்போதே தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.