இடித்த வீட்டுத் தேக்கு உத்திரத்தில் இலை வடிவ டீப்பாய் செய்யலாமா? ஆசாரி 'வேஸ்ட்' என்கிறாரே?

உங்கள் கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து 6-க்கு 6 அங்குலத்தில் 10 அடி உத்திரம் வாங்கியிருக்கிறீர்கள். தாமரை இலை மாதிரி டீப்பாய் வேண்டும். ஆசாரி, ஆணி அடித்த மரம் வேஸ்ட் என்கிறார்.

செய்யலாம். ஆனால் தாமரை இலை வேண்டாம், அரச இலை போடுங்கள். காரணம் பின்னால் வரும். முதலில் ஆசாரி பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் வேஸ்ட் என்று சொல்வது மரத்தை அல்ல, தன் நாளை. மறைந்திருக்கும் ஒரே ஒரு ஆணி போதும், இழைப்பு மெஷினின் பிளேடு பல்லிளித்துவிடும். சா மில்லில் ரம்பம் அறுந்தால் அந்தக் காசையும் நம்மிடம்தான் கேட்பார்கள். இப்படி ஒரு உத்திரத்தைச் சுத்தம் செய்யவே ஒரு முழு நாள் பிடிக்கும். பர்மா தேக்கு என்றதும் கன அடிக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள், ஆணி பிடுங்கிய நாளுக்குக் கூலி என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆணி பிடுங்கும் வேலைக்குத் தனியாக ஒரு நாள் கூலி பேசிவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் மாறும்.

ஆணி தேட நூலில் கட்டிய நல்ல காந்தம் போதும். மரத்தை ஒட்டி மெல்ல நகர்த்தினால் இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும். பித்தளைக் குமிழையும் ஆழத்தில் முறிந்து கிடக்கும் ஆணியையும் காந்தம் காட்டாது. அவற்றுக்குக் கையடக்க மெட்டல் டிடெக்டர் வேண்டும். முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து தட்டித் தலையை எழுப்பிப் பிடுங்குங்கள். துருவேறி முறிந்ததை நோண்டாதீர்கள், குழி பெரிதாகும். ஆணியைச் சுற்றிக் குழாய் பிட்டால் (நடுவே குழாய்போல் வெறுமையான டிரில் பிட்) துளைத்து மொத்தமாக எடுத்து, அதே மரத்தில் வெட்டிய முளையை, ரேகை (மரத்தில் நார் ஓடும் கோடு) ஒத்துப்போகும்படி அடைக்க வேண்டும். மரத்தூளில் ஃபெவிகால் குழைத்து அடைத்த இடம் பாலிஷ் ஏறாமல் திட்டாகத் தெரியும்.

சுவருக்குள் இருந்த இரண்டு முனைகளிலும் 9 அங்குலம் வெட்டித் தள்ளுங்கள். ஈரம் குடிப்பதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை இழைப்பதற்கு முன்பே சுரண்டி எடுத்துவிட வேண்டும். அது மணல் கலந்தது, இழைப்புளி வாயை நிமிடத்தில் மழுக்கிவிடும். கூடவே பழைய கதவுப் பலகையையும் சேர்ப்பதாக இருந்தால், அதன் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அனலும் காட்டாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, முகமூடி போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

மீதி எட்டரை அடி. ஒரு 3 அடித் துண்டு மேற்பலகைக்கு, இன்னொன்று காலுக்கும் சட்டத்துக்கும், மிச்சம் கையிருப்பு. மேற்பலகைத் துண்டை ஒன்றேகால் அங்குலத்தில் நான்காக அறுத்து, 1, 2, 3, 4 என்று எண் போட்டு வையுங்கள். அன்றே ஒட்ட வேண்டாம். மரம் நூறு வயதானாலும் அறுத்ததும் உள்ளிறுக்கம் விடுபட்டு வளையும். பலகைகளுக்கு இடையே மெல்லிய குச்சிகள் வைத்து அடுக்கி இரண்டு வாரம் நிழலில் விட்டு, பிறகு ஒரு அங்குலத்துக்கு இழையுங்கள்.

இப்போது இலை. தாமரை இலையின் நரம்புகள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஓடுபவை. பலகையின் ரேகையோ ஒரே திசை. குறுக்கே போகும் நரம்பைச் செதுக்கும்போது சில்லு சில்லாகப் பெயரும். எட்டு ஆப்புத் துண்டுகளாக வெட்டி வட்டமாக ஒட்டினால், ஈரம் ஏறி இறங்கும்போது மூட்டுகள் திறக்கும். அரச இலையில் நடு நரம்பு ரேகையோடு போகிறது. 2, 3 எண் பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல விரித்தால் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி அமையும், அந்த மூட்டுதான் நடு நரம்பு. 1-ம் 4-ம் வெளிப்பக்கம். அகலம் சுமார் 22 அங்குலம் கிடைக்கும். அரச இலையின் நீண்ட வால்கூட ரேகைவாக்கில் வருவதால் எளிதில் முறியாது.

பக்க நரம்புகளை வி-உளியால் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போடாதீர்கள், தூசி அடையும். உளியை ரேகை எழும் பக்கம் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். நடு நரம்பின் இரு பக்கத்திலும் திசை எதிரெதிராக இருக்கும். ஓரத்தை அடிப்பக்கமாகச் சரித்து அரை அங்குலமாக்கினால் பலகை இலை போல லேசாகத் தெரியும். ஆணி இருந்த இடத்தில் தேக்கு கறுத்திருக்கும். ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுக்கலாம். வெளுக்க வேண்டாம் என்பேன். புழு அரித்த ஓட்டை இல்லாத இலையை எந்த மரத்தடியில் பார்த்திருக்கிறோம்? அந்தத் துளைகளில் இரண்டு மூன்றை முளை அடைக்காமல் அப்படியே விடுங்கள். மேலே எபாக்ஸி ஊற்றினால்தான் அழகு என்பவர்களோடு சண்டை இல்லை. ஆனால் செதுக்கிய நரம்பை விரல் தொட வேண்டும், பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஒட்டும் விளிம்பைத் தின்னரால் துடைத்த கையோடு பசை போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் மூட்டு விடும்.

'பழைய மரம் அசையாது' என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் இந்த அகலத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அசையும். மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி அடித்தால் நடுவே பிளக்கும். நடுவில் ஒரு ஸ்குரூவை இறுக்கிவிட்டு, ஓரத்து ஸ்குரூக்களுக்கு ரேகைக்குக் குறுக்குவாக்கில் 6 மில்லிமீட்டர் நீளத் துளை விடுங்கள்.

டீப்பாய் என்றால் சூடான டம்ளர் வரும். ஸ்பிரிட் பாலிஷில் வெள்ளை வளையம் விழும். 120, 180, 240 தாள் போட்டுத் தேய்த்தபின், கடையில் 'பாயில்டு' என்று விற்கும் லின்சீட் எண்ணெய் (நீங்கள் காய்ச்ச வேண்டாம்) மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.