சட்டக் கேள்வி பதில்: விபத்துக்குப் பின் ரத்தம் எடுத்தால்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் தம்பியின் கார் விபத்துக்குள்ளானது. காவலர்கள் அவனது உமிழ்நீரைச் சோதித்துவிட்டு, பிறகு ரத்தமும் எடுத்தார்கள். முந்தைய இரவு கஞ்சா புகைத்தானாம். ஆனால், ஓட்டும்போது நிதானமாகவே இருந்ததாகச் சொல்கிறான். வழக்கு வருமா?

பதில்: வரக்கூடும். உங்கள் கவலை நியாயமானதே. கன்னத்தின் உட்புறத்தில் தடவி எடுக்கும் உமிழ்நீர்ச் சோதனை முதல்கட்டச் சந்தேகத்துக்கு மட்டுமே பயன்படும். வழக்கைத் தீர்மானிப்பது ஆய்வக ரத்த அறிக்கைதான். எடுக்கும் ரத்தத்தை இரண்டாகப் பிரித்து முத்திரையிடுவார்கள். அதில் ஒரு பங்கை அப்போதே கேட்டுப் பெற்றுத் தனியாகச் சோதித்துக்கொள்ளும் உரிமை தம்பிக்கு உண்டு; பதற்றத்தில் பலர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நிதானமாக இருந்தார் என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது. 2015 மார்ச் முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள் ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தாலே குற்றம்; ஓட்டுநர் தடுமாறினார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அந்தப் பொருள் உடற்கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் கலப்பதால், அடிக்கடி புகைப்பவருக்குப் போதை தெளிந்த பின்னும் அளவு மீறியிருக்கலாம்.

தண்டனை குறைந்தது ஓராண்டு ஓட்டுநர் தடை, அபராதம், அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. விபத்தில் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் குற்றச்சாட்டே வேறு. ஆயுள் தண்டனை வரை போகலாம். தகுந்த காரணமின்றி ரத்தம் தர மறுப்பதும் தனிக் குற்றம். காவல் நிலைய விசாரணையின்போது இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். வழக்கறிஞரிடம் பேசாமல் அவர் எதையும் விளக்க முற்பட வேண்டாம்.