பகடை மேசை: இந்த மாதம் பொறிகள்

(டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: டிஎம் என்கிற ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். அதில் வைக்கும் பொறிகளைப் பற்றிய கேள்வி-பதில் இது.)

*குழி, அம்பு, விஷப்புகை என்று ஒரே நடைபாதையில் மூன்று பொறி வைத்தேன். என் ஆட்டக்காரர்கள் பத்தடிக் கழியால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டார்கள். பொறிகளைச் சேர்த்து அமைப்பது எப்படி?*
– கல்லூரி மாணவர், தென்காசி

நீங்கள் வைத்தது அடுத்தடுத்து மூன்று பொறி, தம்பி. கூட்டுப்பொறி என்பது வேறு.

2010-இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை மூடும்வரை நான் அதில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்தவன். கேபினில் லிவர்கள் வரிசையாக நிற்கும். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டைச் சரியாகப் போட்டுப் பூட்டாமல் சிக்னல் லிவர் வராது. சிக்னலை இறக்கிவிட்டால் பாயின்ட் லிவர் அசையாது. ஒன்றின் நிலை மற்றொன்றைக் கட்டிப்போடும். இன்டர்லாக்கிங் என்போம். பொறிக்கும் அந்தப் பிணைப்பு வேண்டும். முதல் பொறியிலிருந்து தப்பிக்க அவர்கள் செய்கிற காரியமே இரண்டாவதைக் கொடியதாக்க வேண்டும்.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அறை. நடுவில் ஐந்தடிச் சதுரத்தில் மரமூடி. மிதித்தால் கீழ்நோக்கித் திறக்கும், அடியில் பத்தடிக் குழி. இதைக் கண்டுபிடிப்பதைக் கஷ்டமாக்க வேண்டாம், கழியால் தட்டினாலே தெரியட்டும். தெரிந்ததும் என் மேசையில் எல்லோரும் ஒரே வேலைதான் செய்வார்கள்: இடுக்கில் இரும்பு முளை அடித்து மூடியை இறுக்குவார்கள். பிறகு நிம்மதியாக அதன்மேல் நடந்துபோய் எதிர்க்கதவின் பிடியை இழுப்பார்கள். உடனே இரண்டு கதவும் கல்லாக இறங்கும். சுவரிலுள்ள மதகு திறந்து தண்ணீர் கொட்டும்.

அந்தக் குழிதான் அறையின் வடிகால். மூடியைத் தொடாமல் விட்டிருந்தால் தண்ணீரின் எடைக்கே அது திறந்திருக்கும், ஆட்டக்காரர்கள் முட்டி நனைந்ததோடு தப்பியிருப்பார்கள். இப்போது மூன்றடி நீர் நின்றால் அந்த மூடியின்மேல் மட்டும் இரண்டு டன்னுக்கு மேல் எடை. கையால் இழுத்தால் முளை வராது. முங்கிக் கடப்பாரையால் நெம்ப வேண்டும். மூடி திறக்கிற நொடியில் நெம்பியவரும் தண்ணீரோடு போவார். பத்தடி விழுந்தால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி ஓர் ஆறுமுகப் பகடை சேதம். அவர் இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் முங்குவது, யார் பிடிப்பது என்று மேசையில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் ராத்திரி உட்கார்ந்து பொறி வரைகிறேன்.

*என் கேரக்டர் எந்த அறிகுறியும் இல்லாத பொறியில் செத்துப்போனது. "உன் பாசிவ் பெர்செப்ஷன் போதவில்லை" என்கிறார் டிஎம். இது நியாயமா?*
– வாசகி, ஆரியங்காவு

நியாயம் இல்லை. பாசிவ் பெர்செப்ஷன் என்பது பத்தோடு உங்கள் கவனிப்புத் திறனைக் கூட்டிய எண். எதிரே இருப்பது யார் கண்ணில் முதலில் படும் என்பதை அது முடிவு செய்யும். எதிரே ஏதாவது இருந்தால்தானே கண்ணில் பட?

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பிரானூர் பார்டரில் ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் மேசையில், ஒரு பையனின் கேரக்டரைச் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்த கல்லுக்குக் கொடுத்தேன். ஒன்றரை வருஷம் அவன் வளர்த்த கேரக்டர். பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனவன் இரண்டு மாதம் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன்.

ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று டிரைவரிடம் ஹோம் சிக்னல் மட்டும் சொல்வதில்லை. அதற்கும் முன்னால், மீன்வால் போல் வெட்டிய கையோடு டிஸ்டன்ட் சிக்னல் நிற்கும். பிரேக் பிடிக்க அவருக்குத் தூரம் வேண்டும் அல்லவா? உங்கள் டிஎம்மிடம் அந்த டிஸ்டன்ட்டைக் கேளுங்கள்.

மேலே சொன்ன தண்ணீர் அறையில் நான் வைத்த அறிகுறிகள்: சுவரில் மார்பளவு உயரத்தில் பாசிக்கோடு, மூடியின் இடுக்கில் நத்தை ஓடு, நிலைப்படியில் செதுக்கிய ஒரே ஒரு சொல், 'வெள்ளம்'. உங்கள் ஊர்த் தம்பி ஒருவன் எங்களோடு ஆடுகிறான். அவன் படித்ததும் "வெள்ளம் உண்டு, குடிக்காம்" என்று தோல்பையைத் திறந்தான். மலையாளம் பேசும் அவனுக்கு அது தாகம் தீர்க்கும் தண்ணீர். செங்கோட்டைக்காரர்களுக்கு அது குளம் உடைந்து வருவது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அந்த நிமிஷம் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிறது. எல்லைப்புறத்தில் ஆடுகிறவர்களுக்குக் கிடைத்த வரம் இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

*நம் பழைய நூல்களில் பொறிகள் உண்டா?*
– ஆசிரியர், கடையநல்லூர்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகள் அங்கே வரிசையாக வருகின்றன: தானே வளைந்து எய்யும் வில், கரிய விரல்களையுடைய குரங்கு வடிவப் பொறி, கல் உமிழும் கவண், காய்ச்சிய எண்ணெய், தூண்டில், கழுத்தில் மாட்டும் தொடக்கு. வரிசையாக வாசிப்பதோடு விடாமல் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். தொடக்கு ஆளை நகரவிடாது. நகர முடியாதவன் தலைக்கு மேலே எண்ணெய்க் கொப்பரை. மாணவர்களுக்கு ஆட்டம் நடத்தினால் கோட்டையை மதுரையாகவே வையுங்கள்.

*எங்கள் மந்திரவாதி எதற்கெடுத்தாலும் மேஜ் ஹேண்ட் மந்திரம் போட்டுத் தூரத்திலிருந்தே பொறியை இயக்கிவிடுகிறார். தடை போடலாமா?*
– வாசகர், புளியரை

வேண்டாம். ஆசையாக எடுத்த மந்திரம், அதைப் பறிக்காதீர்கள். அந்த மாயக்கை 30 அடி எட்டும், பத்து பவுண்டு வரை தூக்கும். பொறியைக் கட்டியவனுக்கும் இது தெரிந்திருக்கும் என்று வையுங்கள். மந்திரவாதிகளின் கல்லறையைக் காக்க வந்தவன் பிடிக்குப் பக்கத்தில் ஏன் குழி வெட்டுகிறான்? பிடியிலிருந்து சரியாக 30 அடி தள்ளி வெட்டுவான். மந்திரவாதி அங்கே வந்து நிற்பார். அந்த இடத்தில் மட்டும் தரைக்கல் புதிதாக, தேயாமல் இருக்கட்டும்.