கூட யார் வந்திருக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம். வயது 52. இருபது வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. மெய்ப்பு பார்த்துப் பிழைக்கிறேன், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. போன வருடக் கடைசியில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. இரண்டு சுற்று ஆயிற்று, இன்னும் நான்கு பாக்கி.

மருந்து ஏற்றிய பிறகு ஒரு வாரம் எழுத்து கண்ணில் நிற்பதில்லை. வேலை பாதியாகிவிட்டது, சேமிப்பு கரைந்துவிட்டது. வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரை விலை அதிகம் என்பதால் ஒருவேளை விட்டு ஒருவேளை சாப்பிடுகிறேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. தம்பி வேறு ஊரில் இருக்கிறான். அவனுக்கே ஆயிரம் கஷ்டம், அவனிடமும் சொல்லவில்லை. யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்துவிட்டேன். இந்த வயதில் அதைத் தொடங்க மனம் ஒப்பவில்லை.

மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். வண்டி நிறுத்தப் போயிருக்கிறார்கள் என்று பொய் சொல்கிறேன். சில ராத்திரிகளில், இதெல்லாம் எதற்கு, நிறுத்திவிடலாமே என்று இருக்கிறது. நீங்களும் நோயோடு தனியாக இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

ஆர்.

*

அன்புள்ள ஆர்,

வண்டி நிறுத்தப் போனவரைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என்னிடமும் அப்படி ஒருவர் இருந்தார். என் ஆள் எப்போதும் மருந்து வாங்கப் போயிருப்பார்.

ஆனால் அந்த ராத்திரிகளைப் பற்றிய வரியைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. நிறுத்திவிடலாம் என்று எழுதியிருப்பது சிகிச்சையையா, உயிரையா? நேராகவே கேட்கிறேன். சிகிச்சை என்றால், அந்தக் களைப்பை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மருந்தின் அளவையும் இடைவெளியையும் பற்றிப் பேச அவர்களுக்கு வழி உண்டு. உயிர் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ இதே சொற்களில் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு இன்று இரவு உடனிருக்கச் சொல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் மனச்சோர்வு வருவது அபூர்வமில்லை. குமட்டலுக்கு மருந்து இருப்பதுபோல அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அது உங்கள் மனஉறுதியின் குறை இல்லை.

சரி, என் கதை. எனக்கு வந்தது காசநோய். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. மருந்துக்கு ஒரு காசு செலவில்லை, எல்லாம் இலவசம். இருந்தும் மூன்றாவது மாதத்தில் நான் கடனாளி. வேலைக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான். அன்று என்னுடைய கெட்டிக்காரத்தனக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சாப்பாடு, இழந்த கூலி எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பேரிழப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். காசநோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன, பல இடங்களில் மருந்தே இலவசமாகக் கிடைத்தும். நீங்கள் செலவைச் சரியாகத் திட்டமிடாததால் சேமிப்பு கரையவில்லை. நோய் முதலில் கை வைப்பது வருமானத்தில்தான்.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று. ரத்தம் என்றே நினைத்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. மருந்து கொடுத்தபோது சொல்லியிருந்தார்களாம்; காய்ச்சலில் காதில் விழவில்லை. கூட ஒருவர் வந்திருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

இதுதான் எனக்குப் பிடிபட்ட விஷயம். தனியாக இருப்பவர் நோயில் விழுந்தால் அவருக்கு இரண்டு வேலை. நோயாளியும் அவரே, துணைக்கு வந்தவரும் அவரே. வரிசையில் நிற்பது, பில் கட்டுவது, மருத்துவர் சொன்னதை நினைவு வைப்பது, வீடு திரும்பியதும் அடுப்பைப் பற்றவைப்பது. நோயாளி வேலையை யாராலும் வாங்கிக்கொள்ள முடியாது. துணையாள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். நீங்கள் மொத்தமாக ஒருவர் தலையில் இறங்கப்போவதாகக் கற்பனை செய்துகொண்டுதான் வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, எனக்கும் என்ன கேட்பதென்று தெரியாது. "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தச் சீட்டைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வர முடியுமா?" என்று கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் முடியாது என்றார். அதனால் என்ன, அடுத்தவரைக் கேட்டேன்.

தம்பி விஷயத்தில் உங்கள் குடும்பத்துக்குள் நான் நுழைய முடியாது. ஆனால் அவரிடம் பணம் கேட்பது வேறு, விஷயத்தைச் சொல்வது வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள். "பணம் வேண்டாம்டா, மருத்துவரைப் பார்க்கும்போது ஃபோனில் இரு, அவர் சொல்வதை எழுதிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். மருத்துவரிடம் அனுமதி கேட்டு ஸ்பீக்கரில் போட்டுவிடலாம். கீமோ எடுப்பவர்களுக்கு மறதியும் கவனச் சிதறலும் வருவதுண்டு. எழுத்து கண்ணில் நிற்காததற்கும் அது காரணமாக இருக்கலாம். எழுத்தையே நம்பிப் பிழைப்பவருக்கு அது எவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியும். பெரும்பாலானவர்களுக்குப் போகப்போகத் தெளியும். அதுவரை இன்னொரு காது நல்லது.

மாத்திரைக்கு வருகிறேன். இதில் உங்களோடு எனக்குச் சண்டைதான். வாந்தி வந்த பிறகு அடக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது. அதனால்தான் வேளை பிசகாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒருவேளை விட்டுச் சாப்பிட்டால் காசும் போகும், வாந்தியும் நிற்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் முழுதாகச் சாப்பிடுவதாக மருத்துவர் நினைப்பார். இன்னும் வாந்தி என்றால் மருந்து போதவில்லை என்று இதைவிட விலை கூடியதை எழுதக்கூடும். குமட்டலுக்குப் பல வகை மருந்துகள் உண்டு, எல்லாம் ஒரே விலையில்லை. ஒரே மூலப்பொருள் வேறு பெயரில் பாதி விலைக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். ஆனால் அதை மாற்றித் தர அவருக்கு விஷயம் தெரிய வேண்டும். வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: "இந்த மருந்தை வாங்க என்னால் முடியவில்லை. இதே வேலையைச் செய்யும் விலை குறைந்தது உண்டா? இந்தப் பரிசோதனைகளில் எதைத் தள்ளிப்போடலாம்?" நான் அப்படித்தான் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இரண்டு வரியை அடித்தார். அவருக்கு அது பத்து விநாடி வேலை. நான் மூன்று வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன்!

பெரிய மருத்துவமனை என்றால் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருக்க வாய்ப்பு உண்டு. எங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். கட்டணச் சலுகை, உதவித் திட்டங்கள், அறக்கட்டளைகளுக்கான விண்ணப்பம் எல்லாம் அவருடைய வேலை. அந்தப் பதவியின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1895இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்ணை நியமித்தார்கள். வசதியிருந்தும் இலவச சிகிச்சைக்கு வருகிறவர்களைக் கண்டுபிடிப்பது அவருடைய முக்கிய வேலை. காவலுக்குப் போட்ட அந்த நாற்காலிதான் காலப்போக்கில் நோயாளிகளுக்காகப் பேசுகிற நாற்காலியாக மாறியது. 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர் என்ற நோயாளிகள் இல்லத்தைத் தொடங்கி, அவதியைக் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கு வழிபோட்ட சிசிலி சாண்டர்ஸும் மருத்துவராவதற்கு முன் அதே வேலையில் இருந்தவர். உடல் நோவு, மன நோவு, உறவும் பணமும் சார்ந்த கவலை, அர்த்தம் தேடும் தவிப்பு எல்லாம் சேர்ந்ததைத்தான் அவர் வலி என்றார். ஆகவே அந்தப் பணியாளரின் அறையில் பணத்தைப் பற்றிப் பேசுவது இடம் மாறிப் பேசுவது ஆகாது.

கடன் இருந்தால், கொடுத்தவர்களிடம் தவணை தவறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். முன்பு பேசினால் கோரிக்கை, பின்பு பேசினால் சாக்கு. வாடகை, மின்சாரம், ஃபோன், மருந்து போக மிச்சமெல்லாம் காத்திருக்கட்டும். வேலைக்கு வேண்டிய கம்ப்யூட்டரை விற்காதீர்கள். நிச்சயம் குணமாக்குவேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்தில் ஒருவரிடம் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். தினமும் காலை எட்டுக்குள் அவருக்கு ஒரு மிஸ்டு கால். ஒன்பது வரை வரவில்லை என்றால் அவர் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் வந்து திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு இரண்டு மாதம் நான் இரவில் உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு தூங்கினேன். சாவியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்? தாழ்ப்பாள் வேண்டாம். குளியலறையிலும் வேண்டாம்.

ஒரு தெர்மாமீட்டர் அவசியம். ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் மட்டுமாவது யாரையாவது மாலையிலும் கூப்பிடச் சொல்லுங்கள். 38 டிகிரியைத் தொட்டால், அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4, உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் மாத்திரை போட்டு மறைக்கவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரைத் தொந்தரவு செய்வது என்று யோசிக்கிற ஆள் நீங்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதை இன்று பகலிலேயே ஒருவரிடம் பேசி முடித்துவையுங்கள். ஒரு பையில் மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், சார்ஜர், கொஞ்சம் பணம், மாற்றுத் துணி, எல்லாம் கதவருகே.

மூன்றாம் சுற்று எந்தத் தேதி என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். தம்பியிடம் சொல்ல இன்னும் மனம் வரவில்லை என்றால், மருத்துவர் அறைக்குள் போகும்போது ஃபோனில் நான் இருக்கிறேன். பேனாவும் தாளும் வைத்திருப்பேன். காலை நேரமென்றால் எனக்கு வசதி, மாலையென்றாலும் பார்த்துக்கொள்ளலாம்.