குதியில்லாத சுருள் சொக்ஸ்: நூல் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு டிசைன் போட்ட சொக்ஸ் ஒரு சோடி பின்ன ஆசை. குழந்தைச் சுவெட்டர் பின்னிப் பழக்கம் உண்டு. பேஸ்புக்கில் காசு கொடுத்து வாங்கிய பற்றர்ன் முழுக்கக் கட்டமும் குறியீடுமாக இருக்கிறது. குதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் ஆறுதலாகப் பின்ன ஏதும் உண்டா? வட்ஸ்அப்பில் ஒருவர் ‘அசல் வெளிநாட்டு வூல்’ தருவதாகச் சொல்கிறார், முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முற்பணம் கொடுக்க வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சொக்ஸ்.

குதிதான் உங்களை மறித்தது என்றால் குதியே இல்லாமல் பின்னுங்கள். சுருள் சொக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பழைய முறை. நேரான குழாய்தான், ஆனால் மேடும் பள்ளமுமான வரிகள் காலைச் சுற்றி ஏறுவதால் அது இழுபட்டு எந்தக் காலிலும் ஒட்டி நிற்கும். மகளின் பாத அளவு கையில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

2.5 மி.மீ. ஊசி, இரு முனையும் கூரானது, ஐந்து கொண்ட செட். 64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றி, நான்கு ஊசிகளில் 16 வீதம் பிரியுங்கள். மேல்விளிம்புக்கு 2 நிட் (நேர்ப் பின்னல்), 2 பேர்ள் (மறுபக்கப் பின்னல்) என்று 4 செ.மீ. அப்புறம் 4 நிட், 4 பேர்ள் என்று நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் ஒவ்வொரு நிட் வரியின் முதல் கண்ணியைப் பேர்ளாகவும், ஒவ்வொரு பேர்ள் வரியின் முதல் கண்ணியை நிட்டாகவும் மாற்றுங்கள். வரி ஒரு கண்ணி நகர்ந்துவிடும். அதே அமைப்பில் நான்கு சுற்று, மறுபடி ஒரு கண்ணி நகர்த்தல். டிசைன் என்பது அவ்வளவுதான். இடையில் யாராவது கதவைத் தட்டினாலும், திரும்பி வந்து பார்த்தால் எங்கே விட்டீர்கள் என்று துணியே காட்டும்.

மொத்தம் 40 செ.மீ. வந்ததும் விரல் பக்கம். வெறும் நிட்டாக ஒரு சுற்று. பிறகு 6 நிட் பின்னி, அடுத்த இரண்டு கண்ணியையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். சுற்று முழுக்க இப்படியே. அடுத்த சுற்று வெறும் நிட். அதற்கடுத்து 5 நிட், இரண்டைச் சேர்த்தல். இப்படியே ஒவ்வொரு முறையும் ஒரு நிட் குறைத்து, இடையில் ஒரு வெறும் நிட் சுற்று விட்டுப் போங்கள். 8 கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி, அவற்றுக்குள் கோத்து இழுத்து முடியுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாக வாசியுங்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இதைப் பின்னிக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரு சோடி பின்னியவர் அடுத்த சோடியை வீட்டில் இருக்கும் பெரியவருக்குத்தான் பின்னுவார். பேர்ள் வரிகள் உள்ளங்காலில் மேடாக நின்று அழுத்தும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியாது, புண்ணானபிறகுதான் தெரியும். குழாய் காலில் சுழல்வதால் உள்ளங்கால் பக்கத்தை மட்டும் மழமழவென்று விடவும் முடியாது. அவர்களுக்கு முழுக்க நிட், தளர்வான மேல்விளிம்பு, உள்ளே முடிச்சு இல்லாத நூல். கழற்றியதும் கணுக்காலில் தடம் விழுந்திருந்தால் அந்தச் சொக்ஸ் கூடாது.

இனி நூல். சொக்ஸுக்கென்றே வரும் நூலில் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலோன் இருக்கும். 100 கிராம் கண்டு ஏறத்தாழ 400 மீற்றர், ஒரு சோடிக்குப் போதும். புறக்கோட்டைக் கடைகளில் ‘வூல்’ என்று தருவது அநேகமாக அக்ரிலிக், அதாவது செயற்கை நூல். அக்ரிலிக் என்று சொல்லி விற்றால் தவறில்லை. அதையே லேபல் கழற்றி, புதுக் கண்டாகச் சுற்றி, வெளிநாட்டுச் சரக்கு என்று இரட்டை விலைக்கு விற்பவர்களைத்தான் நான் சொல்கிறேன். லேபல் இல்லாத நூலைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் கொளுத்துங்கள். கம்பளி தலைமயிர் கருகும் மணத்தோடு பொடியாகும், நைலோன் கலந்ததில் கொஞ்சம் கட்டியும் மிஞ்சும். அக்ரிலிக் உருகிக் கடினமான குண்டாக உறையும், மயிர் மணம் வராது. நேரில் வந்து இதைச் செய்ய விடாதவருக்கு எதற்கு முற்பணம்?

ஊசியிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரித்தானிய 13ஆம் இலக்கம் 2.25 மி.மீ., அமெரிக்க 13ஆம் இலக்கம் 9 மி.மீ. இலக்கத்தைச் சொல்லாமல் மி.மீ. கேட்டு வாங்குங்கள். பற்றர்ன் விற்பவர்களோ, இலவசமாகக் கிடைப்பதை எடுத்துப் பெயர் மாற்றி விற்கும்போது இந்த வித்தியாசத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

உலகத்துக்கே ஆடை தைத்து அனுப்பும் நாடு இது. கொழும்பில் ஒரு தாய் நல்ல நூல்கண்டு ஒன்று வாங்க இடைத்தரகரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. தபாலில் வரவழைத்தால் தீர்வை எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை, ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் வேறொன்று. ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் 50 கிராம் கண்டு இரண்டு போட்டுவரச் சொல்லுங்கள். ‘சூப்பர்வோஷ்’ என்று லேபலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மகளின் சலவை இயந்திரத்தில் சொக்ஸ் சுருங்கித் தடித்துப் போகும். இரண்டு கண்டிலும் சாய இலக்கம் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதியைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.